புத்தி விபரம்

ஐரினுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு காகிதம். இந்தப் பிள்ளைக்குப் புத்தி விபரம் இல்லை என்று பங்குச் சாமியார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். தம்பி மகள் ஃப்ளோராவை, ரயிலில் ஒரு நாள் தூரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதிக்கு அனுப்பிவிடலாம். எழுதிக் கேட்டாகிவிட்டது, இடமும் இருக்கிறதாம். ஐரினைக் கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. கெட்டவர்களோடு மல்லுக்கு நிற்பது சுலபம். நல்லது செய்கிறேன் என்று கிளம்புகிறவர்களோடுதான் கஷ்டம்.

தம்பி வால்டர் அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாதவன். "புதுநன்மைக்குச் சாமி பரீட்சை வைப்பாரே, அதுல அவர் என்ன சொல்றாரோ அப்படியே செய்யலாம்" என்று மனைவி லூயிசாவிடம் சொல்லிவிட்டுத் தபாலாபீசுக்குப் போய்விட்டான். முதல் முறை நன்மை வாங்க, அதாவது பூசையில் கொடுக்கிற திருஅப்பத்தை நாக்கில் வாங்க, பிள்ளைக்கு ஏழு வயதும் புத்தி விபரமும் வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஃப்ளோராவுக்கு வயது இருந்தது. மற்றதைத்தான் சாந்தோமில் ஒருத்தரும் ஒப்புக்கொள்ளவில்லை.

அவள் அம்மா என்று கூப்பிடமாட்டாள். வேண்டியதிருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். பொத்தான்களைச் சின்னதிலிருந்து பெரியதாக வரிசை வைப்பாள், ஒன்றை யாராவது நகர்த்தினால் தொண்டை வற்றுமட்டும் கத்துவாள். கோயில் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவாள். ஊரார் சும்மா இருப்பார்களா? கண்ணேறு என்றார்கள். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து பட்டணமே காலியானபோது லூயிசா நிறைமாதம், அந்தப் பயம் வயிற்றில் இறங்கிவிட்டது என்றார்கள். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னார்கள்.

லூயிசாவுக்கு இதில் எதுவுமே புதிதில்லை. அவளும் அப்படித்தான் இருந்தாள். மனிதர்கள் முகத்தைப் பார்த்தால் வெயிலைப் பார்க்கிற மாதிரி கூசும். பார்க்கவில்லை என்று பள்ளிக்கூடத்தில் ரூல்தடியால் விரல்முட்டியில் அடித்தார்கள். அதனால் புருவத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டாள். எதிராளிக்கு வித்தியாசம் தெரியாது. யார் வீட்டுக்காவது போவதென்றால், சௌக்கியமா, பிள்ளைகள் சௌக்கியமா, வெயில் ஜாஸ்தி என்று நாலு வாக்கியம் முதல்நாளே மனப்பாடம் செய்வாள். கல்யாணத்துக்குப் போய்வந்தால் மறுநாள் முழுக்க ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுத்திருப்பாள். தலைவலி என்பாள், வால்டரும் நம்புவான்.

அவள் அப்பா ஸ்தனிஸ்லாஸ் அச்சாபீசில் எழுத்துக் கோக்கிறவர். முப்பது வருஷம் ஒரே தெரு, தெருவில் ஒரே பக்கம். ஒருநாள் அந்தத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள் என்று வேலைக்கே போகாமல் திரும்பி வந்துவிட்டார். சம்பளம் ஒழுங்காக வந்ததால் ஊர் அவரைச் சாது என்றது. அதே குணம் ஏழு வயதுப் பெண்ணுக்கு இருந்தால் கிறுக்கு. நன்றாகத்தான் இருக்கிறது நியாயம்.

இந்தச் சங்கதியை லூயிசா யாரிடமும் சொன்னதில்லை. பங்குப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர் வேலை அவளுடையது. சொன்னால் அது நிலைக்காது.

சனிக்கிழமை காலை, கோயிலை ஒட்டிய அறையில் பதினோரு பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். தாய்மார்கள் பின்னால். ஐரின் முன்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், மடியில் காகிதம். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவர் உபதேசியார் பவுல்சாமி. அவர் கேள்வியைச் சொல்வார், மூக்குப்பொடியை ஒரு இழுப்பு இழுப்பார், பிள்ளைகள் கூட்டமாகப் பதில் சொல்லும். ஆறு மாதமாக இதுதான் பாடம்.

ஃப்ளோராவின் முறை வந்தது. "சர்வேசுரன் எங்கே இருக்கிறார்?" என்று கேட்டார் சாமியார்.

ஃப்ளோரா ஜன்னல் கம்பியைப் பார்த்தாள். பிறகு முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தாள். "உன்னைப் படைத்தவர் யார்?" அச்சாகப் பவுல்சாமியின் குரல். அடுத்து மூக்கால் ஒரு பொடி இழுப்பு. அதற்கப்புறம், "சர்வேசுரன் என்னைப் படைத்தார்." பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. கேள்வி, இழுப்பு, பதில் என்று வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தாள்.

பவுல்சாமிக்கு முகம் கறுத்துவிட்டது. "இன்னா சாமி இது, என்னியே நையாண்டி பண்ணிக்கினு கீது. இதுக்கா நன்மை?"

"நான் அப்பவே சொல்லலையா சாமி? கிளி மாதிரி சொல்லும், ஒண்ணும் புரியாது" என்றாள் ஐரின். காகிதம் மேஜைக்குப் போயிற்று. சாமியார் பெருமூச்சு விட்டுப் பேனாவைத் திறந்தார்.

லூயிசாவுக்குக் கோபம் வந்தது. ரூல்தடிக்கும் கையை நீட்டியவள், நாத்தனார் பேச்சுக்கும் தலையாட்டியவள். இத்தனை வருஷமாக வராத கோபம் மொத்தமாக வந்தது. தாய்மார்களை விலக்கிக்கொண்டு மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"எழுதறதுன்னா என் பேரை முதல்ல எழுதுங்க சாமி."

"என்னம்மா சொல்றே?"

"அவ யாரையும் நையாண்டி பண்ணலே. பாடம் எப்படிக் காதுல விழுந்துச்சோ அப்படியே சொல்றா. பொடியும் பாடம்தான்னு நினைச்சிருக்கா. நானும் இப்படித்தான் இருந்தேன். எங்கப்பாவும் இப்படித்தான். பன்னிரண்டு வருஷமா உங்களுக்கு ஸ்தோத்திரம் சொல்றேன், ஒருநாளும் உங்க கண்ணைப் பார்த்ததில்லே, புருவத்தைத்தான் பார்க்கறேன். என்னை அடிச்சுப் பழக்கினாங்க. இவளை நான் அடிக்கலே, அடிக்கவும் விடமாட்டேன். இவளுக்குப் புத்தி இல்லேன்னா எனக்கும் இல்லை. அப்படிப்பட்டவளுக்கு எதுக்கு வாராவாரம் நன்மை கொடுத்தீங்க? நாலாம் கிளாசை எதுக்குக் கொடுத்தீங்க?"

"லூயிசா, வாயை மூடு. குடும்ப மானம் போகுது" என்றாள் ஐரின்.

"போகட்டும் அக்கா. நூலைப்போல சேலை, தாயைப்போல பிள்ளைன்னு நீங்கதான் ஓயாம சொல்லுவீங்க. இப்ப ஏன் பதறுறீங்க? அவளை அனுப்பறதுன்னா ரெண்டு டிக்கெட்டா எடுங்க."

சாமியார் கிழவர்தான், ஆனால் மசமசப்பு ஆள் இல்லை. பேனாவை மூடினார். பிள்ளைகளை ஒத்திகை பார்க்க வைத்திருந்த தகர டப்பியிலிருந்து வெள்ளை அப்பம் ஒன்றை எடுத்து முதல் பையனிடம் நீட்டினார். "இது என்னடா?"

"சேசுநாதருடைய திருச்சரீரம் சாமி."

அடுத்தவனும் அதையே சொன்னான். பத்துப் பேரும் கணீரென்று அதையே சொன்னார்கள். பவுல்சாமி தலையை ஆட்டி ரசித்தார், அவர் சொல்லிக்கொடுத்ததாயிற்றே. கடைசியில் அப்பம் ஃப்ளோராவிடம் வந்தது. அவள் அதை மோந்து பார்த்தாள். விரலால் ஓரத்தைத் தடவினாள்.

"அப்பம்" என்றாள். இந்தத் தடவை குரல் அவளுடையது, இழுப்பும் இல்லை. கொஞ்சம் பொறுத்து, "பூசை ஆகலே" என்றாள்.

பூசையில் வைத்து ஒப்புக்கொடுத்தால்தான் அது திருச்சரீரம், அதுவரை வெறும் கோதுமை மாவுதான். அந்த வித்தியாசம் தெரிந்தால்தான் புத்தி விபரம் என்று சட்டமே சொல்கிறது. பவுல்சாமிக்குப் பொடி மட்டை கையிலேயே நின்றுவிட்டது.

"உபதேசியாரே, பத்துப் பேரும் தப்பு" என்றார் சாமியார். காகிதத்தை வெறுமையாகவே ஐரினிடம் திருப்பிக் கொடுத்தார். "ஃப்ளோராவுக்குப் புதுநன்மை உண்டு. எங்கேயும் அனுப்ப வேண்டாம்."

ஐரின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிஜமான கண்ணீர்தான். "சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம். அப்போ பிள்ளைக்கு ஒண்ணும் இல்லே."

"இருக்கு அக்கா. எனக்கு இருக்கறது அவளுக்கும் இருக்கு. அதோடதான் அவ நம்ம வீட்டுல இருப்பா" என்றாள் லூயிசா.

எல்லோரும் வெளியேறும்போது சாமியார் அவளை மட்டும் நிறுத்தினார். குரலைத் தணித்துக்கொண்டார். நல்ல மனிதர், அவள் நல்லதுக்குத்தான் சொன்னார். "நீ உன்னைப்பத்திச் சொன்னது இந்த அறையோட இருக்கட்டும்மா. ஸ்கூல் கமிட்டி காதுக்குப் போனா வேலைக்கு வில்லங்கம். நான் எதையும் கேட்கலே, மறந்துடறேன்."

லூயிசா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மறக்க வேணாம் சாமி. நான் பண்ணினது பாவசங்கீர்த்தனம் இல்லை, ரகசியமா வச்சுக்க. நீங்க யார்கிட்டே வேணுமானாலும் சொல்லலாம்."