நாக்கடியில் பத்து நிமிடம்

ஜுமைலாவிடம் ஒரு நைட்டி வாங்கினால் மூன்று வீட்டுச் செய்தி இலவசம். மட்டாஞ்சேரியில் இது எல்லாருக்கும் தெரியும், தெரிந்துதான் வாங்குவார்கள். மூட்டையை இறக்கி அவள் வாசலில் உட்கார்ந்துவிட்டால் போதும். எந்த மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எவன் துபாயிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்தான் என்பதெல்லாம் பூப்போட்ட காட்டன் துணியோடு சேர்ந்து விரியும். துணி சாயம் போனாலும் போகும், என் செய்தி சாயம் போகாது என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு செய்தியை மட்டும் ஏழு மாதமாக யாரிடமும் அவிழ்க்கவில்லை. அது அவள் மகன் ஷாபாஸ் தினமும் ஒரு மாத்திரை போடுகிற செய்தி.

அவன் போதை ஊசி போட்டுக்கொண்டிருந்த கதை ஊருக்கே தெரியும். கூட்ஸ் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன் முதலில் வேலைக்குப் போவதை விட்டான், பிறகு வண்டியே போனது. கடைசியில் மனைவி ஹஸீபாவும் சுள்ளிக்கல்லில் இருக்கிற அத்தா வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தக் காலத்தில் நோய்த் தொற்றைத் தடுக்கிற ஒரு அமைப்பிலிருந்து முத்துவேல் என்று ஒருவன் தோள்பையோடு வந்து ஷாபாஸுக்குப் புது ஊசி கொடுப்பான். பழைய ஊசிகளை ஒரு டப்பாவில் வாங்கிக்கொண்டு போவான். ஜுமைலா துடைப்பத்தோடு பள்ளிவாசல் முக்குவரை அவனை விரட்டினாள்.

“பிள்ளைக்கு விஷம் குடுக்கிறதுக்கு உனக்குச் சம்பளம் வேறயாடா?”

“அக்கா, ஒருத்தன் போட்ட ஊசிய இன்னொருத்தன் போட்டாத்தான் விஷம்,” என்று ஓடிக்கொண்டே சொன்னான் முத்துவேல். “முதல்ல ஆளு உசுரோட இருக்கட்டும் அக்கா. மத்ததப் பெறகு பாப்போம்.”

அடுத்த வாரமும் வந்தான். அதற்கடுத்த வாரமும் வந்தான். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. ஊசியைக் கொடுத்தான், சாயா குடிச்சியா என்று கேட்டான், போனான். ஆறு மாதம் கழித்து ஒருநாள் ஷாபாஸே, “ஊசிய விடுறதுக்கு மருந்து குடுக்கிறாங்களே, அந்த எடத்துக்கு என்னையும் கூட்டிட்டுப் போ” என்றான். அங்கே எடுத்த ரத்தப் பரிசோதனையில் தொற்று எதுவும் இல்லை என்று வந்தது. ஜுமைலா அன்று முத்துவேலின் மனைவிக்கு ஒரு நல்ல நைட்டி கொடுத்தனுப்பினாள். துடைப்பத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை.

மருந்து மையத்து நர்ஸ் அம்மிணி சிஸ்டர் தினமும் அங்கேயே ஊசிக்குப் பதிலான மாத்திரையைப் பொடித்து நாக்கின் அடியில் வைக்கச் சொல்வாள். பத்து நிமிடத்தில் அது கரையும். விழுங்கக் கூடாது, தண்ணீர் கூடாது, வாயைத் திறக்கவே கூடாது. “எத்தனை நாளைக்கு சிஸ்டர் இது?” என்று ஜுமைலா கேட்டாள். “உம்மா பிபிக்கு குளிக கழிக்கிறதில்லே? அது எத்தனை நாளைக்கு?” என்று கேட்டாள் சிஸ்டர். தான் தினமும் விழுங்குகிற ரத்த அழுத்த மாத்திரையைச் சொல்கிறாள் என்று ஜுமைலாவுக்குப் புரிந்தது.

மாத்திரை வந்த பிறகு ஷாபாஸ் தேறினான். வாடகை வண்டி ஓட்டினான். சாப்பிட்டான், தூங்கினான், அம்மாவோடு சண்டை போட்டான். எல்லாம் பழையபடி. ஆனால் ஹஸீபாவின் அத்தா நூர் முகம்மது அரிசி வியாபாரி. கல்லும் நெல்லும் பொறுக்கியே பழகிய மனுஷன். “ஒரு மாத்திரகூட இல்லாம சுத்தமா வரட்டும். ஒண்ண விட்டு ஒண்ணப் புடிக்கிறதுக்குப் பேரு விடுறதா?” என்று, மாத்திரைக்கு மாறின வேறு யாரையோ மனதில் வைத்து ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

“அவன் எப்பவோ விட்டுட்டான் சம்மந்தி! தலவலி மாத்திரகூடத் தொடுறதில்ல” என்றாள் ஜுமைலா. யோசித்துச் சொன்னதில்லை. அவள் எதைத்தான் யோசித்துச் சொன்னாள்?

“ஏம்மா பொய் சொன்ன?” என்று ஷாபாஸ் வீட்டில் குதித்தான்.

“அவ மொதல்ல வீட்டுக்கு வரட்டும்டா. உண்மைய மெதுவாச் சொல்லிக்கலாம், அது எங்கயும் ஓடிப் போகாது.”

இப்படி இருக்கும்போது நோன்பு மாதம் பிறந்தது. ஷாபாஸ் நோன்பு பிடித்தான். ஜுமைலா பூரித்து, பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தாள். இரண்டாம் நாள் மாலை அவன் கொட்டாவியாக விட்டு, மூக்கு ஒழுகி, உடம்பெல்லாம் புல்லரித்துக் கிடந்தான். பகலில் மாத்திரை போட்டால் நோன்பு முறியும் என்று இரண்டு நாளாக மையத்துக்கே போகவில்லையாம். விஷயம் தெரிந்த முத்துவேல் இருவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

“சுகமில்லாத்தவர்க்கு நோன்பு வேண்டா என்னல்லே நிங்கள் பறயுன்னது?” என்று, நோயாளிக்கு நோன்பு கட்டாயமில்லை என்பதைச் சொல்லி அதட்டினாள் சிஸ்டர்.

“போன வருஷம் நோன்பு எப்ப வந்துச்சு, பெருநாள் எப்ப போச்சுன்னே எனக்குத் தெரியாது சிஸ்டர்” என்றான் ஷாபாஸ். “இந்த வருஷம் எனக்குத் தெரியணும்.”

சிஸ்டர் டாக்டரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தாள். மாத்திரை வீட்டுக்குக் கிடைத்தது, அம்மாவின் பொறுப்பில், இரண்டிரண்டு நாளைக்கு. மாலையில் பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் ஒரு வாய்த் தண்ணீர், உடனே நாக்கடியில் மாத்திரை, தினமும் அதே நேரம், அம்மாவின் கண் முன்னால். “பத்து மினிட் மிண்டருது” என்றாள், பேசக் கூடாது என்று. சொன்னது ஷாபாஸுக்குத்தான். பார்த்தது ஜுமைலாவை.

பதினோராம் நோன்பன்று சுள்ளிக்கல்லிலிருந்து அழைப்பு வந்தது. நாளைக்கு நோன்பு திறக்க இருவரும் வரவேண்டும் என்று நூர் முகம்மதே போனில் சொன்னார். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு மாப்பிள்ளையைப் பார்க்க வேண்டுமாம்.

“அங்க பாத்ரூமுக்குள்ள போயிப் போட்டுக்கோ” என்றாள் ஜுமைலா.

ஷாபாஸ் அவளை வெறித்துப் பார்த்தான். “பாத்ரூமுல ஒளிஞ்சு போட்டது போதும்மா. இதயும் ஒளிச்சுப் போட்டா எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.”

“அப்ப திரும்பி வந்து போடேன்.”

“நேரம் தவறமாட்டேன்னு சிஸ்டர்ட்ட சொல்லியிருக்கேன். எல்லாரோடயும் உக்காந்து போடுறேன். நீ எதாச்சும் பேசிட்டு இரு. உனக்குச் சொல்லியா தரணும்?”

வாழ்நாளில் முதன்முறையாக ஒருவர் தன்னைப் பேசச் சொன்னதில் ஜுமைலா கொஞ்சம் நெகிழ்ந்துதான் போனாள்.

மறுநாள் சுள்ளிக்கல் வீட்டில் பாய் விரித்து, நோன்புக் கஞ்சியும் வடையும் சமோசாவும் சாயாவுக்குச் சர்க்கரை டப்பாவும் வைத்திருந்தார்கள். ஹஸீபா இளைத்திருந்தாள். ஷாபாஸுக்கு எதிரே உட்கார்ந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. பாங்கு கேட்டது. எல்லாரும் பேரீச்சம்பழத்துக்குக் கை நீட்டிய வேளையில் ஷாபாஸ் ஒரு வாய்த் தண்ணீர் குடித்து, மாத்திரையைப் பொடித்து மடித்திருந்த சின்னப் பொட்டலத்தை நாக்கடியில் கவிழ்த்து வாயை மூடினான்.

ஜுமைலா தொடங்கினாள்.

“சம்மந்தி, நம்ம பஜார்ல ஏலக்கா கடச் சேட்டன் இல்ல? அறுபது வயசுல தலைக்குச் சாயம் பூசி, மூஞ்சி பலாக்கா கணக்கா வீங்கி, பொண்டாட்டியே யாரு வேணும்னு கேட்டிருக்கா!” அங்கிருந்து கும்பளங்கிக்குத் தாவினாள். அவள் நாத்தனார் மகள் வீட்டு இறால் வளர்ப்புக் குளத்தில் நீர்நாய் புகுந்தது, பிடிக்கப்போனவன் வேட்டியோடு அது ஓடியது. கஞ்சியை ஒரு வாய் குடித்தாள், உப்பு சரியாக இருக்கிறது என்றாள், உப்பிலிருந்து சர்க்கரை வியாதிக்குப் போனாள். சுவர்க் கடிகாரத்தில் மூன்று நிமிடம்தான் ஆகியிருந்தது. அந்தக் கடிகாரத்தில் ஏதோ கோளாறு என்றே அவளுக்குத் தோன்றியது.

“மாப்ள, பழம் எடுக்கலயா?” என்றார் நூர் முகம்மது.

“பல்லு வலி அவனுக்கு” என்றாள் ஜுமைலா.

“எந்தப் பல்லு?”

“மேல… கடவாய்ப் பல்லு.”

“கஞ்சிய மெல்ல வேண்டாமே. அதாச்சும் குடிக்கலாமே.”

“சூடு ஆகாது.”

“ஆறிப்போச்சே சம்மந்தி.” அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “நான் அவர்ட்டயே கேட்டுக்கிறேன். மாப்ள, எம் பொண்ண உங்ககூட அனுப்பணும்னா எனக்கு ஒண்ணுதான் தெரியணும். இப்ப எதுவும் இல்லையே? ஒரு மாத்திரகூட?”

ஹஸீபா நிமிர்ந்தாள்.

ஜுமைலாவிடம் பொய்க்குப் பஞ்சமில்லை. நாலைந்து நாக்கு நுனியிலேயே நின்றன. ஆனால் ஷாபாஸ் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாயை இறுக மூடியபடி, வேண்டாம் என்று மெதுவாகத் தலையாட்டினான். மூன்று வருஷம் வாய் கூசாமல் பொய் சொன்ன பிள்ளை. இப்போது வாயைத் திறக்க முடியாத நேரத்தில், அம்மா பொய் சொல்ல வேண்டாம் என்கிறான்.

“இருக்கு சம்மந்தி” என்றாள் ஜுமைலா. குரல் அவளுடையது போலவே இல்லை. “இப்பவும் வாய்க்குள்ள இருக்கு. பல்லு வலியெல்லாம் பொய். நாக்குக்கு அடியில மாத்திர கரையுது, அதனாலதான் பேசல. ஏழு மாசமா தினம் போடுறான். இது இருக்கவும்தான் ஊசி இல்ல. நடுவுல ரெண்டு நாளு விட்டான், எங்கண்ணு முன்னால நடுங்கிட்டுக் கெடந்தான். நான்தான் உங்ககிட்ட மறைச்சேன். அவன் மறைக்கச் சொல்லல.”

நூர் முகம்மது நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஏழு மாசமா? நீங்களா? யார்ட்டயும் சொல்லாம?”

“உம்… யார்ட்டயும்.”

இதுதான் அவரை அசைத்தது என்று பிறகு சொன்னவர்கள் உண்டு. அது அவருக்குத்தான் வெளிச்சம்.

“இன்னும் எவ்வளவு நேரம் மாமி?” என்று கேட்டாள் ஹஸீபா.

ஜுமைலா கடிகாரத்தைப் பார்த்தாள். “நாலு நிமிஷம்.”

“அப்ப அது கரையட்டும். யாரும் அவர்ட்ட எதுவும் கேக்காதீங்க.”

நாலு நிமிடம் நாலு பேரும் பேசாமல் இருந்தார்கள். ஜுமைலாவும்தான். நம்புகிறவர்கள் நம்பலாம். வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துப் போனது. நூர் முகம்மது வடையைத் தொடவில்லை. ஹஸீபா ஷாபாஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றரை வருஷத்துப் பாக்கி போல.

கடைசியில் அவன் வாயைத் திறந்தான். “இது எப்ப நிக்கும்னு எனக்குத் தெரியாது மாமா. டாக்டர் சொல்றப்பதான் கொறைக்கணும். இல்லன்னு சொல்லி உங்க பொண்ணக் கூட்டிட்டுப் போகமாட்டேன்.”

ஹஸீபாதான் கையை நீட்டினாள். “மாமி, நாளைக்கு உள்ளத எங்கிட்ட குடுங்க. பெருநாள் வரைக்கும் அவரு சாயங்காலம் இங்க வரட்டும். எங்கண்ணு முன்னால போடட்டும். அப்புறம் நான் வரதா வேண்டாமான்னு நானே சொல்றேன்.”

“சிஸ்டர்ட்ட கேக்கணும் மோளே. எம் பேருதான் எழுதியிருக்கு.”

“காலைல நானும் வரேன். எம் பேரையும் சேத்து எழுதட்டும்.”

ஜுமைலா மடியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். கொடுக்க மனசில்லாமல் கொஞ்ச நேரம் பிடித்தபடியே இருந்தாள். ஹஸீபா அவசரப்படவில்லை, நீட்டிய கை அப்படியே இருந்தது.

நூர் முகம்மது ஷாபாஸ் பக்கம் திரும்பினார். மகளைப் பார்க்கவில்லை, சம்பந்தியைப் பார்க்கவில்லை.

“கசக்குமா அது?” என்று ஷாபாஸிடம் கேட்டார்.

“கசக்கும் மாமா. ரொம்ப.”

அவர் சர்க்கரை டப்பாவைத் தன் பக்கத்திலிருந்து அவன் பக்கம் தள்ளிவைத்தார்.