இரண்டாம் மாடிக் குப்பை

வங்காளிகள் நிறைந்த டாலிகஞ்சின் அந்தச் சந்தில் காலையில் விசில் கேட்டால் குப்பைவண்டி வந்துவிட்டது என்று அர்த்தம். சுபல் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஊதுவான். வீடுவீடாக வாளியோடு இறங்கி வருவார்கள்.

துறைமுகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற செல்வராஜுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. கால் மெல்லத் தேறியது. பேச்சு தேறவில்லை. ஒரு நேரத்துக்கு ஒரு சொல்தான் வரும். உடற்பயிற்சி சொல்லித்தர வந்தவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் விசில் கேட்டால் எழுந்துவிடுவார். வாளியை இடது முழங்கையில் மாட்டிக்கொண்டு, அதே கையால் கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியாக இறங்குவார். மேலே மாடி விளிம்பில் மனைவி பூங்கோதை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவர் தானாகச் செய்கிற வேலை அது ஒன்றுதான்.

குளிர்காலத்தில் ஏற்பாடு மாறியது. இனி ஆளே மாடியேறி வாசலில் வந்து குப்பை எடுப்பான். விசில் கிடையாது. காலைத் தூக்கம் கெடுகிறது என்று பலர் புகார் செய்திருந்தார்கள்.

கீழ்வீட்டு மித்ரா பாபுதான் வந்து சொன்னார். அவருக்குப் பூங்கோதை பௌதி, அதாவது அண்ணி; செல்வராஜ் தாதா, அண்ணன். "பௌதி, தாதாவுக்கு இனிமே ரெஸ்ட்!"

"ரெஸ்ட் எடுத்துத்தானே இப்படி உட்கார்ந்திருக்காரு" என்றாள் பூங்கோதை, தனக்குத் தெரிந்த வங்காளியில். அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

செல்வராஜ் நாற்காலியை விட்டு எழவில்லை. சுபல் வாசலுக்கு வந்து வாளியைக் கவிழ்த்துக்கொண்டு போவதைப் பார்த்தார். பாதம் மறுபடி வீங்கியது. "கொஞ்சம் நடங்களேன்" என்றால், "எதுக்கு?" என்றார்.

ஒரு நாள் பூங்கோதை வழக்கத்தைவிடச் சீக்கிரமாக உலை வைத்தாள். குக்கர் விசில் அடித்தது. கூடத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவள் எட்டிப் பார்ப்பதற்குள் அவர் வாளியோடு படியில் இருந்தார். அவள் ஜன்னலுக்குப் போனாள். கீழே கேட்டருகில் வெயிலில் நின்றார். வண்டி வரவில்லை. நிறைந்த வாளியோடு திரும்பி வந்தார்.

"இல்ல" என்றார். அவர் முகம் ஏமாந்த குழந்தையின் முகம் மாதிரி இருந்தது.

மறுநாள் அவள் சுபலைப் படியிலேயே மறித்தாள்.

"எங்க மாடிக்கு நீ வராதே."

"ஐயோ பௌதி, ஒரு வாசல் விட்டாலும் சூப்பர்வைசர் என்னைத்தான் திட்டுவார்."

"குப்பை உன் கைக்கு வந்துடும். நீ கேட்ல நில்லு. அவர் இறங்கி வரணும்."

சுபல் மேலே பார்த்தான். "விசிலைத்தான் பிடுங்கிட்டாங்களே. தாதாவுக்கு எப்படித் தெரியும்?"

அவள் குக்கரைப் பற்றிச் சொன்னாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மதராஸிக்காரங்க சாதத்துக்குக்கூட டியூட்டி போட்டுட்டீங்களே!"

அன்றிலிருந்து சந்துமுனை டீக்கடையில் வண்டி நிற்பது சமையலறை ஜன்னலில் தெரிந்ததும் பூங்கோதை அடுப்பைப் பற்றவைப்பாள். சுபல் டீயைக் குடித்து முடித்து வண்டியைத் தள்ளிவருவதற்கும் குக்கர் கத்துவதற்கும் சரியாக இருக்கும். செல்வராஜ் எழுவார். கேட்டில் சுபல், "வாங்க தாதா, நீங்கதான் லேட்டு" என்பான். அந்தக் குரலுக்கு மித்ரா பாபுவும் வெளியே வந்து நின்று ஏதாவது பேசுவார். பகல் சாப்பாட்டுக்குச் சாதம் ஆறித்தான் கிடந்தது. இருவரும் அதையே சாப்பிட்டார்கள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் குக்கர் கத்தவில்லை. மூடியைச் சுற்றி ஆவி கசிந்துகொண்டிருந்தது. கேட்டில் வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டு நின்றது. பூங்கோதை குக்கரைத் தட்டினாள், விசில் குண்டை அழுத்தினாள். கூடத்தைப் பார்த்தாள். போங்கள் என்று வாய்விட்டுச் சொன்னால் எல்லாம் போய்விடும். அதன் பிறகு அது அவருடைய வேலையாக இருக்காது.

நாற்காலி நகர்ந்தது. செல்வராஜ் சமையலறை வாசலில் வந்து நின்று அடுப்பைப் பார்த்தார்.

"கேஸ்கட் போச்சு" என்றார்.

இரண்டு சொல். அவள் குக்கரிலிருந்து கையை எடுத்தாள்.

அவர் குனிந்து வாளியை முழங்கையில் மாட்டிக்கொண்டார். "சுபல் நிக்கிறான்."

படியில் அவருடைய செருப்புச் சத்தம் இறங்கியது. பூங்கோதை மாடி விளிம்புக்குப் போகவில்லை. அடுப்பை அணைத்தாள்.