ஐம்பதடி தேடிய கிணறு

சாய்ந்தமருதில் றஊபுடைய வளவுக் கிணறு நகரத் தொடங்கியது, அவருடைய பேத்தி அம்ஹா இறந்த நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த மறுநாள் காலை. முதலில் ஒரு முழம் நகர்ந்தது. கட்டு, கப்பி, வாளி, கட்டின் மேல் கிடந்த சவர்க்காரத் துண்டு எல்லாம் கூடவே போயின. மோட்டார்க் குழாய் மட்டும் வர மறுத்து முறிந்தது. குழாய் பொருத்த வந்தவன் கிணற்றையும் பழைய இடத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இன்னும் போகுமெண்டா இப்பவே சொல்லுங்க, வளையிற குழாய் போட்டுத் தாறன்" என்றான். எவ்வளவு தூரம் போகும் என்று வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

றஊபுக்கு மூன்று பெண் பிள்ளைகள். அந்த ஊரில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவார், அதனால் பெண்ணைப் பெற்றவன் வீட்டையும் கட்ட வேண்டும். ஒரே வளவை றஊப் தும்புக் கயிறு பிடித்துத் தானே அளந்து பிரித்தார். வடக்கே மூத்தவள் சுஹறாவின் வீடு, தெற்கே இரண்டாமவள் அஸ்னாவின் வீடு, மேற்கே அவரும் மனைவியும் கடைசி மகளோடு ஒதுங்கியிருந்த, முன்பு சமையல்கட்டாயிருந்த பழைய குசினி. கிழக்கே அந்தக் கடைசி மகள் நஸ்லினுக்கு அத்திவாரம். நடுவில் கிணறு, எல்லோருக்கும் பொது. ஒரு பிள்ளைக்கு ஒரு சாண் கூடினால் மறுமையில் பதில் சொல்ல வேண்டும் என்று அவர் பயந்து பயந்து அளந்தார். வீட்டுக்கு ஒன்றாக மலசலகூடக் குழியும் வரும் என்பது மட்டும் அந்தக் கயிற்றுக்குள் அகப்படவில்லை. கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பதடி வேண்டும் என்பது விதி. அந்தக் கடற்கரை ஊரில் ஐம்பதடி எங்கேயாவது சும்மா கிடந்தால் அதில் ஏற்கெனவே ஒரு வீடு இருக்கும்.

கிணற்றுக் கட்டுக்குப் புதிதாகச் சீமெந்து பூசிய அன்று, சுஹறாவின் நான்கு வயது மகள் அம்ஹாவின் வலது கையைப் பிடித்து ஈரத்தில் அழுத்தியவள் சாச்சி நஸ்லின்தான். ஐந்து விரலும் பூப்போல விழுந்தன. அந்த வருடம் மழை விட்டபின் அம்ஹாவுக்கு வயிற்றாலே போனது. ஆசுபத்திரியில் பிள்ளை மௌத்தானது. குடிக்கிற தண்ணீர் எது என்று டொக்டர் கேட்டார்.

சுகாதாரப் பரிசோதகர் நல்லரெத்தினம் ஆலையடிவேம்பிலிருந்து மோட்டார் சைக்கிளில், ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியோடு வந்தார். றஊப் வாசலிலேயே மறித்தார்.

"சேர், நிறம் மாறல்ல, மணம் மாறல்ல, ருசி மாறல்ல. கிதாபுல சொன்ன ரெண்டு குல்லத்து அளவுக்கு மேல தண்ணி. இது சுத்தம்."

பிள்ளைக்கு துஆ ஓத வந்திருந்த மௌலவி மெல்லச் சொன்னார்: "காக்கா, அது தொழ முதல் கைகால் கழுவி ஒளு எடுக்கிற சட்டம். குடிக்கிறதுக்கில்ல."

றஊப் வாழ்நாள் முழுவதும் அந்தச் சட்டத்தைத்தான் குடித்துவந்தார். தண்ணீர் நிரப்பிய போத்தல் சோதனைக்குப் போனது, முடிவு வந்தது: தண்ணீரில் மனித மலத்தின் கிருமி. யாருடையது என்று அதில் இல்லை. அந்த ஒன்று இல்லாததால் வீடு இரண்டாகப் பிளந்தது.

"ஒண்ட குழிதான் என்ட புள்ளையத் திண்டது" என்றாள் சுஹறா.

"ராத்தாட குழியில என்ன பன்னீரா ஊறுது?" என்றாள் அஸ்னா. அதோடு இருவருக்கும் கதை பேச்சு நின்றது.

ஆகவே கிணறு அஸ்னாவின் குழியை விட்டு விலகி வடக்கே நகர்ந்தபோது, "பாத்தீங்களா, கிணறே சாட்சி சொல்லுது" என்று சுஹறா தெருவுக்கே கேட்கச் சொன்னாள். அடுத்த கிழமை கிணறு திரும்பியது. இம்முறை அது விலகியது சுஹறாவின் குழியை விட்டு. அன்று அவள் கதவு திறக்கவில்லை. அதற்குப் பிறகு கிணற்றடிப் பக்கமே வரவில்லை. பிறகு றஊபின் பழைய குழியையும் விட்டு விலகியது. அவர் அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போகாமல் வளவு அளந்த கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். கடைசியாகக் கிணறு குழி வெட்டாத ஒரே துண்டுக்கு, நஸ்லினின் அத்திவாரத்துக்குள், ஹோல் வரப்போகிற இடத்தின் நட்டநடுவில் போய் நின்றது. நல்லரெத்தினம் மறுபடி போத்தல் நிரப்பினார். தண்ணீர் சுத்தம் என்று வந்தது. நாடா பிடித்துப் பார்த்தார், ஐம்பதடி வரவில்லை. "அது தன்னால ஏலுமானதச் செஞ்சிருக்கு" என்றார்.

நஸ்லினுக்குப் பேசியிருந்த சுபியான் கட்டாரில் இருந்தான். வீடு முடிந்தால் கலியாணம். போனில் கிணற்றைக் காட்டியபோது நெடுநேரம் பார்த்தான். "ஹோலுக்கு நடுவில கிணறெண்டா சோபா செட்ட எங்க போடுற?" அவனுடைய உம்மா அவ்வளவு நேரம் எடுக்கவில்லை. கிணற்றை மூடுங்கள், அல்லது வேறு இடம் பார்க்கிறோம் என்று ஆள் விட்டாள். நஸ்லினுக்கு இருபத்தொன்பது வயது. றஊப் மண் லொறிக்குச் சொன்னார்.

லொறி வந்து நின்றபோது, வாளியாவது மிஞ்சட்டும் என்று அவிழ்க்கப் போனாள் நஸ்லின். அப்போது கிணற்றுக் கட்டில் பதிந்திருந்த அம்ஹாவின் கையின் மேல் தன் கையை வைத்தாள். அன்று பதித்தபோது அது அவளுடைய உள்ளங்கைக்குள் முழுசாக அடங்கியிருந்தது. இப்போது அதன் விரல் நுனிகள் உள்ளங்கையைத் தாண்டி அவளுடைய விரல்களுக்குக் கீழே ஏறி நின்றன.

"ராத்தா! இஞ்ச ஓடி வாங்க!"

சுஹறா வந்தாள். வளையல் கடையில் அளவு பார்ப்பதுபோல அந்தக் கையை ஓரம் ஓரமாகத் தடவினாள். "ஓம், புள்ளைக்குப் போன மாசம் அஞ்சு முடிஞ்சது" என்றாள். சத்தம் கேட்டு வந்த அஸ்னா பின்னால் நின்றாள். சுஹறா திரும்பாமலே சொன்னாள்: "நீயும் தொட்டுப் பாரன் தங்கச்சி."

"மண்ண எங்க கொட்டுற?" என்றான் லொறிக்காரன்.

"கொண்டு போங்க காக்கா" என்றாள் நஸ்லின்.

"மகள், சுபியான்ட உம்மா..." என்றார் றஊப்.

"அவங்க வேற வீடு பாக்கட்டும் வாப்பா. கை வளருது."

சுபியான் மருதமுனையில் கலியாணம் முடித்தான். அங்கே கிணறு பின்வளவில் ஒழுங்காக நிற்கிறது. கலியாணச் சாப்பாடு றஊப் வீட்டுக்கும் வந்தது. நஸ்லின் தின்றாள், உப்புக் கொஞ்சம் குறைவு என்றாள், பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தனுப்பினாள். அத்திவாரத்தில் புல் முளைத்தது. அங்கே குழி வெட்டப்படவில்லை, வீடும் எழவில்லை. அவள் குசினியில் தையல் மெசினோடு இருந்துவிட்டாள். மூன்று வீடும் அந்தக் கிணற்றைத்தான் குடிக்கின்றன. கை இப்போது ஒன்பது வயதுக் கை. ஒவ்வொரு பெருநாளைக்கும் முதல் நாள் பின்னேரம் சுஹறா மருதோன்றி அரைக்க, அஸ்னா அதை அந்தச் சீமெந்துக் கையில் அப்புகிறாள். விடிந்தால் சிவந்திருக்கும். சிவப்புப் போதாது என்று ஒரு முறை இரண்டு பேரும் சண்டையும் பிடித்தார்கள்.

நல்லரெத்தினம் வருடா வருடம் வருகிறார். போன முறை அவர் வந்தது பெருநாளைக்கு முதல் நாள். மருதோன்றி இன்னும் காயவில்லை. அவர் அதைப் பார்த்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, போத்தலை மற்றப் பக்கத்தால் இறக்கினார்.