ஆண்டாயி சொன்ன ‘கேக்குதுங்க’

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் இது ஒரு பெட்டியிலிருந்து வந்தது. 1946 மாசியில், அரியலூர் கடைத்தெருவில் அதைப் பார்த்தேன். மரப்பெட்டி; பக்கத்தில் சுழற்ற ஒரு கைப்பிடி; இரண்டு கம்பிகளின் முனையில் பித்தளைக் குழாய்கள். மேலே ஒரு பலகை: ‘மின்சார வைத்தியம். வாதம், இழுப்பு, ஞாபகமறதி, செவிடு, பிள்ளையில்லாக் குறை, ஞாபகமறதி தீரும்.’

“சாருக்கு என்ன வியாதிங்க?” என்றார் பெட்டிக்காரர் புரொபசர் பழனிவேல்.

“ஒண்ணும் இல்லையே.”

“அப்ப இனிமேலும் வராதுங்க. புடிங்க!”

பிடித்தேன். அவர் சுழற்றினார். விரலிலிருந்து தோள்வரை எறும்புப் பட்டாளம் ஏறியது. (அது நிஜம். எனக்குள்ள சிக்கலே அதுதான். ஒன்றுமே செய்யாத பெட்டியாக இருந்தால் கதை சுலபம்.)

2

தொடக்கங்கள்.

[கொள்ளிடத்தில் வெள்ளம் கரைபுரண்டோடிய அந்த இரவில்—] அடித்துவிட்டேன். மாசியில் ஏது வெள்ளம்? தொடர்கதை எழுதிய கைப்பழக்கம்.

[வஞ்சகன் பழனிவேல் மீசையை முறுக்கியபடி—] அவருக்கு மீசை இல்லை. வஞ்சகனா என்பதும் சந்தேகம். கூட்டம் இல்லாத நேரத்தில் தன் முழங்காலிலேயே குழாயை வைத்துக் கட்டிக்கொண்டு சுழற்றுகிறார். தன் பெட்டியைத் தானே நம்புகிறவரை எந்தப் பெயரால் அழைப்பது?

ஆகவே நோயாளியிலிருந்து தொடங்குகிறேன்.

3

திருமழபாடி அய்யம்பெருமாளுக்கு வலது காதில் சீழ். காதுக்குப் பின்னால் எலுமிச்சங்காய் அளவுக்கு வீக்கம். அந்தக் காது அடைத்தே போய்விட்டது. இடது காது நன்றாக இருக்கிறது. அரியலூர் டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, “இன்னிக்கே திருச்சி ரயில் ஏறுங்க. அறுத்துத்தான் ஆகணும். சீழ் மூளைக்கு ஏறினா உசுரு தங்காது” என்றார்.

மனைவி ஆண்டாயியோடு ஸ்டேஷனுக்குப் போகிற வழியில்தான் பெட்டி இருந்தது.

“கத்தி எதுக்கு புள்ள? எருதுக்குக் கொம்பு சீவுற மாதிரி என் தலையில சீவுவாங்க” என்றார் அய்யம்பெருமாள்.

“சீவுறதுக்கு அதுல என்ன இருக்கு? நடங்க.”

நடக்கவில்லை. பெட்டியின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். புரொபசர் வீக்கத்தில் குழாயை வைத்துச் சுழற்றினார்.

“எப்படியிருக்குங்க?” என்று ஆண்டாயி இடது காதுப் பக்கம் குனிந்து கேட்டாள்.

“வலி தேவலாம் புள்ள.”

புரொபசர் நிமிர்ந்தார். “கேக்குதாம்மா?”

“கேக்குதுங்க” என்றாள் ஆண்டாயி.*

* வலி மருந்துக்குக் கேட்கும். காதும் கேட்கும். எது கேட்கிறது என்று சொல்லாமலே தமிழில் வாக்கியம் முடிந்துவிடும். அவள் சொன்னது வலியை.

“செவிட்டுக் காது கேக்குதாம்டா!” என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். கடைத்தெரு திரண்டுவிட்டது. புரொபசருக்குக் கண் கலங்கியது. (நடிப்பு என்று எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை.) ஆண்டாயி மறுத்துச் சொல்ல வாயெடுத்தாள். இத்தனை பேர் சொல்கிறார்களே, நாம்தான் கவனிக்கவில்லையோ என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டாள். தன் சொல்லே தனக்குச் சாட்சியாகத் திரும்பி வந்தால் யார்தான் நம்பமாட்டார்கள்?

4

முடிவுகள்.

அ) திருச்சியில் அறுத்தார்கள். பிழைத்தார். வாசகர்கள் கைதட்டுவார்கள், சுகாதார இலாகாவும் தட்டும்.

ஆ) ரயிலேறாமல் வீடு திரும்பினார்கள். நான்காம் நாள் அய்யம்பெருமாள்— [இதை எழுத என் கை ஓடவில்லை.]

இ) பெட்டி குணமாக்கியது. பத்திரிகை ஆசிரியருக்குப் பிடித்தது இதுதான். “எதிர்ப் பக்கத்துல மின்சார வைத்திய பெல்ட் விளம்பரம் வருது சார், பாத்து எழுதுங்க” என்றார்.

மூன்றும் நான் செய்தவை. ஆண்டாயி என்ன செய்வாள் என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்கு ஆவல்.

5

கூட்டம் கலைந்தது. “வூட்டுக்குப் போவலாம் வா” என்று அய்யம்பெருமாள் உட்கார்ந்தபடியே துண்டை உதறினார். ஸ்டேஷன் பக்கம் மணி அடித்தது.

“செத்த இருங்க” என்றாள் ஆண்டாயி. அவர் முதுகுப் பக்கம் போய் நின்றாள். இடது காதைத் தன் உள்ளங்கையால் இறுகப் பொத்தினாள். வலது காதருகே முகத்தைக் கொண்டுபோனாள்.

“கேக்குது புள்ள, நல்லா கேக்குது!” என்றார் அய்யம்பெருமாள்.

ஆண்டாயி இன்னும் வாயே திறக்கவில்லை.

என் பேனா இங்கே நின்றுவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை, பயப்படுகிறார். அவளுக்கும் இப்போது அது தெரியும். ரயில் வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. அந்த மனுஷனை எழுப்பி ரயிலேற்ற ஒரு வார்த்தை வேண்டும். நான் எழுதிய எதுவும் ஆண்டாயியின் வாயில் பொருந்தவில்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள். இடது காதுப் பக்கம் நின்று சொல்லுங்கள்.