பாயைத் தாண்டிய பகடை

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானதல்ல. 2012இல் கடலூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் சேரன் சொன்னது. சொல்லி முடித்துவிட்டு ஒரு வேண்டுகோளும் வைத்தான். அதை எப்படி நிறைவேற்றுவது என்று தெரியாமல்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். என்ன வேண்டுகோள் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மடியில் ஒளித்துவைக்கும் சாமர்த்தியம் எனக்கு இல்லை.

"நீங்க எழுதுற கதையிலயாவது அந்தக் கட்டைய எண்ணிடுங்க சார்."

கட்டை என்று அவன் சொன்னது பகடையை. லூடோ பெட்டியில் வருமே, அது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'சிதம்பரம் மேல வீதியில் மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை' — அன்றைக்கு மழையே இல்லை என்று சேரன் அடித்துச் சொல்லியிருக்கிறான். பிறகு, 'மனித வாழ்வே ஒரு பெரும் ஆட்டம் என்று' — இதைப் படித்தால் எனக்கே கொட்டாவி வருகிறது.

நேராகச் சொல்கிறேன். வருடம் 2009. சேரன், கார்த்திகேசன், அன்புமணி மூவரும் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. ஞாயிறுதோறும் கார்த்திகேசன் வீட்டு மாடியில் கூடுவார்கள். அவன் தங்கை இலக்கியாவும் சேர்ந்துகொள்வாள். ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் இறங்கிப் பேசுவார்கள், சண்டை பிடிப்பார்கள். நினைத்தது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். கதை சொல்பவன் சேரன். ஆட்டத்தை நடத்துவதால் அவனுக்குக் கண்டக்டர் என்று பெயர். விசில் ஒன்றுதான் குறை.

நெட் சென்டரில் இறக்கி ஜெராக்ஸ் போட்ட விதிப்புத்தகம் எப்போதும் அவன் மடியில் இருக்கும். எதைக் கேட்டாலும் பக்கத்தைப் புரட்டுவான். "புக்குல என்னா போட்டிருக்கோ அதான் மச்சான்." அதில் அவனுக்கு ஒரு நிம்மதி இருந்தது. யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

3

அன்புமணி மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ் ஏறி வருபவன். வகுப்பில் பெயரைக் கேட்டாலே எச்சில் விழுங்குவான். ஆனால் ஆட்டத்தில் அவன் நீலன் என்கிற படகோட்டி. நீலனாகிவிட்டால் குரலே வேறு.

"நீ ராசாவா இரு, வேணாங்கல. எம் படகுல ஏறுனா செருப்பக் கழட்டிட்டு ஏறு."

ராஜாவுக்குக் குரல் கொடுத்த சேரனே தன் காலைப் பார்த்துக்கொண்டானாம். இவ்வளவு கச்சிதமாக ஒருவன் இருப்பானா, நீயே கொஞ்சம் மெருகு போட்டாயா என்று கேட்டேன். "அவன் அப்படித்தான் சார்" என்றான். நம்பிவிட்டேன். நீங்களும் நம்புங்கள்.

4

புத்தகத்தில் ஒரு விதி: மேசையை விட்டு விழுந்த பகடை செல்லாது.

மாடியில் மேசை ஏது? கோரைப்பாய்தான் இருந்தது. பாய்தான் மேசை என்று சேரன் முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டான். யாரும் மறுக்கவில்லை.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, இங்கேயே கிடக்கட்டும்: அந்தப் பாய் மூன்று பேருக்குத்தான் கொள்ளும். நடுவில் வீட்டுக்காரன் கார்த்திகேசன், பக்கத்தில் இலக்கியா, எதிரே சேரன். பஸ் பிடித்துக் கடைசியாக வரும் அன்புமணி ஒரு முட்டியைப் பாயிலும் இன்னொன்றைத் தரையிலும் வைத்து உட்காருவான். அப்போது அது யார் கண்ணிலும் படவில்லை.)

ஒரு ஞாயிறு நீலனின் படகு சுழலில் மாட்டியது. மூன்று பகடையும் சேர்ந்து பன்னிரண்டைத் தொட்டால் பிழைப்பான். அன்புமணி உருட்டினான். பாயில் ஓர் ஐந்தும் ஒரு நான்கும் நின்றன. மூன்றாவது பகடை ஓரத்தைத் தாண்டி சிமென்ட் தரையில் போய் நின்றது. அதிலும் நான்கு.

"பதிமூணு," என்றான் அன்புமணி, நீலனின் குரலில்.

"பாயத் தாண்டிடுச்சு மச்சான். செல்லாது."

"ரெண்டு வெரக்கடதான மாமா."

"ரெண்டு வெரக்கடன்னாலும் வெளியதான். ஒம்பதுதான் கணக்கு."

"இன்னொரு தடவ உருட்டட்டுமே," என்றாள் இலக்கியா.

"புக்குல அப்பிடி எங்கயும் போடல."

நீலன் மூழ்கிப்போனான். ஒரு வருடமாக வளர்ந்த ஆள். அன்புமணி சிரித்தான். "வுடு மாமா, ரூல்னா ரூல்தான்," என்றான். அது அவனுடைய வகுப்புக் குரல்.

5

கதையில் அடுத்த ஊர் வந்தால்தான் புதுப் பாத்திரம் உள்ளே வரலாம் என்பதும் விதி. எனவே அடுத்த ஞாயிறு அன்புமணி சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான், அதே இடத்தில். கார்த்திகேசனின் பாத்திரமான தளபதிக்குத் தலை போகும் நிலைமை. அவன் உருட்டிய பகடைகளில் ஒன்று பாயைத் தாண்டி ஓடி, அன்புமணியின் தரை முட்டியில் இடித்து நின்றது.

எல்லோரும் சேரனைப் பார்த்தார்கள். கீழே கார்த்திகேசனின் அம்மா பஜ்ஜி போடும் வாசனை வந்தது. (பஜ்ஜி நான் சேர்த்தது. சேரனுக்கு ஒரு சாக்காவது கிடைக்கட்டுமே என்று பார்த்தேன். வேண்டாம், எடுத்துவிடுங்கள். வாசனை எதுவும் வரவில்லை.)

"பாய் ஓரம் மடிஞ்சிருக்கு," என்றான் சேரன். "ஒழுங்கா விரிச்சிருந்தா உள்ளதான் நின்னுருக்கும். எண்ணிக்கலாம் மச்சான்."

அன்புமணி குனிந்து எண்ணைப் பார்த்தான். "ஆறு," என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லி, பகடையை எடுத்துப் பாயின் மேல் வைத்தான். தளபதி பிழைத்தான்.

கொஞ்ச நேரம் கழித்து இலக்கியா கேட்டாள்: "புக்குல மேசைன்னுதான போட்டிருக்கு? பாயின்னு யாரு சொன்னது?"

சேரன் பக்கத்தைப் புரட்டினான். எதையும் தேடாமல் புரட்டிக்கொண்டே இருந்தான்.

6

அதன்பிறகு அன்புமணி வரவில்லை. பரீட்சை என்றான், பஸ் இல்லை என்றான். வகுப்பில் எப்போதும்போல் பேசினான். நீலனின் குரலை மட்டும் யாரும் கேட்கவில்லை.

"கறாரா இருந்ததுல வெக்கமில்ல சார். எளகிப் போனதுலயும் இல்ல," என்றான் சேரன். டீ ஆறிப்போயிருந்தது. "யாருக்குக் கறாரு, யாருக்கு எளக்கம்னு நான் யோசிக்கவே இல்ல. யோசிக்காம தானா வந்துச்சு பாருங்க, அதான் ஒடம்பெல்லாம் கூசுது."

"அன்புமணிகிட்ட இதச் சொன்னியா?"

"இல்ல சார். எந்த மூஞ்ச வச்சிக்கிட்டுப் போறது?"

7

முடிவு, ஒன்று: சேரன் குறிஞ்சிப்பாடிக்குப் போகிறான். "அதெல்லாம் யாரு நெனவுல வச்சிருக்கா மாமா," என்று அன்புமணி தோளில் தட்டுகிறான். — நன்றாகத்தான் இருக்கிறது, சேரனுக்கு. அடித்துவிட்டேன்.

முடிவு, இன்னொன்று: கேட்டபடியே எண்ணிவிடுகிறேன். பதிமூன்று. நீலன் சுழலிலிருந்து தப்பிக் கரையேறுகிறான். தலையைத் துவட்டிக்கொண்டு ராஜாவைப் பார்த்து,

[இதற்குமேல் வரவில்லை. நீலன் என்ன சொல்வான் என்பது அன்புமணிக்குத்தான் தெரியும். சேரனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.]

8

ஆகவே பகடையை விழுந்த இடத்திலேயே விட்டுவைத்திருக்கிறேன். கோரைப்பாய்க்கு வெளியே, சிமென்ட் தரையில், நான்கு மேலே தெரிய. எண்ணலாமா கூடாதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன்னால் ஒரே ஒரு காரியம். நீங்கள் உட்கார்ந்திருப்பது பாயிலா, தரையிலா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.