சாமி மேடையில் ஒரு குப்பி

உஷாராணி ஒன்றும் விவரம் கெட்டவள் இல்லை. "பிரீசர்ல மட்டும் வச்சிடாதம்மா, உறைஞ்சா போச்சு" என்று மகள் சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்டாள். பிரீசரில் வைக்கவில்லை. பிரிட்ஜிலிருந்து எடுத்துச் சாமி மேடையில் வைத்துவிட்டாள், அவ்வளவுதான்!

அன்று ஆயுத பூஜை. புக்கிட் பெலிம்பிங் ஊரில் லோரிக்காரர்கள் எல்லாம் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தார்கள். உஷாராணி வீட்டில் இப்போது லோரி இல்லை. அதில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றிய புருஷன் அர்ஜுனன் கொரோனாவில் போனபின் விற்றாயிற்று. மாற்றுச் சாவி மட்டும் மிச்சம். வருஷா வருஷம் அதற்குப் பொட்டு வைத்துப் படைப்பாள்.

இந்த வருஷம், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கும் மகள் ஷர்மினி விமான நிலையத்திலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தாள். உள்ளே சுண்டுவிரல் உயரத்தில் ஒரு குப்பி. அது மருந்தில்லையாம். கொரோனாக் கிருமியின் மேலிருக்கும் முள்ளைத் தேடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருளாம், ஆராய்ச்சிக்கு மட்டுமாம். பல்கலைக்கழக ஆய்வகம் பூட்டிவிட்டதால் காலையில் கொண்டுபோவதாக ஏற்பாடு. அசதியில் ஷர்மினி ராத்திரிப் பூஜைக்குக்கூட எழுந்திருக்கவில்லை. புருஷனைக் கொண்டுபோனதையே பிடிக்கிற ஆயுதம், இதைப் படைக்காமல் வேறு எதைப் படைப்பதாம்?

மறுநாள் காலையில் பிரிட்ஜைத் திறந்த ஷர்மினி அலறினாள்.

"ஏன்டி கத்துற? சாமிகிட்டதான் இருக்கு. மறுபூஜை முடியட்டும், எடுத்துக்கோ."

ஷர்மினி ஓடிப்போய்க் குப்பியைத் தொட்டாள். விளக்குக்குப் பக்கத்தில் குளிர்ச்சி போய்க் கிடந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க டாக்டர் வெளிநாட்டுல கெஞ்சி வாங்குனதும்மா. கடைசி டெஸ்ட்டு இதுலதான். கெட்டுப்போயிருந்தா என் படிப்பே போச்சு."

பெற்ற மகளின் படிப்பை உஷாராணி தன் கையாலேயே கெடுத்துவிட்டாளே, பாவி!

"சொல்லாம உட்டுட்டா யாருக்கும் தெரியாது" என்றாள் ஷர்மினி மெதுவாக.

"அப்புறம் டெஸ்ட்டு தப்பா வந்தா? அதையும் நம்பி நாலு பேரு வேல செய்வாங்கல்ல. ஆஸ்பத்திரியிலேருந்து ஒங்கப்பா 'நல்லாத்தான் இருக்கேன்'னு போன்ல பொய் சொன்னாரு. நம்பி உக்காந்திருந்தேன். போதும். கெளம்பு, நானே வந்து சொல்றேன்."

உஷாராணி குப்பியைப் பழையபடி பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டாள். கார் அசாம் ஜாவா ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியது. புறப்படும் அவசரத்தில் லோரிச் சாவியும் கையோடு வந்திருந்ததைப் பாதி வழியில்தான் கவனித்தாள்.

ஆய்வகத்தில் ஷர்மினியின் மேற்பார்வையாளர் டாக்டர் கணேஸ்வரனிடம் உஷாராணியே எல்லாவற்றையும் கொட்டினாள். "தப்பு எம்மேல சார். புள்ளைய ஒண்ணும் சொல்லிடாதீங்க."

அவர் குப்பியைத் திருப்பிப் பார்த்தார். மூடியில் குங்குமம். சிரிப்பை அடக்கினாரோ கோபத்தை அடக்கினாரோ, தெரியவில்லை.

"ஒரு ராத்திரி தாங்கியிருக்கலாம், தாங்காமயும் போயிருக்கலாம். ஊகிக்க வேணாம்மா, முன்ன வாங்குன பழைய குப்பியில கொஞ்சம் மிச்சம் இருக்கு, ரெண்டையும் சேத்து டெஸ்ட் பண்ணிடலாம். நல்லவேள சொன்னீங்க."

உஷாராணி வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். மத்தியானம் சாய்ந்தபின் ஷர்மினி போனில் ஒரு படத்தோடு வந்தாள். சின்னச் சின்னக் குழிகள் உள்ள ஒரு தட்டு.

"இந்தக் குழியில கிருமியோட முள்ளு மட்டும் ஒட்டியிருக்கும்மா. நம்ம எதிர்ப்பொருள் அதப் புடிச்சாத்தான் மஞ்சளாகும்."

"மஞ்சளாத்தானே இருக்கு?"

"பழைய குப்பி எவ்ளோ மஞ்சளோ, அவ்ளோ."

"அப்ப புடிச்சிருச்சா?"

"கெட்டியாப் புடிச்சிருச்சும்மா."

உஷாராணி கையை விரித்துச் சாவியைப் பார்த்தாள். "பாத்தீங்களா, ஒங்களக் கொண்டுபோனத ஒங்க மக புடிச்சிட்டா" என்றாள். புருஷனின் மூடிய சவப்பெட்டியைத் தூரத்தில் நின்று பார்த்த அன்றைக்கு வராத அழுகை, நாலு பேர் நடமாடும் இடம் என்றும் பாராமல் அப்போது வந்தது.