ஐஸ்கிரீம் அறையில் டிசம்பர்

“டிசம்பர்ல அங்க போனா மூக்கு தனியா கழண்டு கையில வந்துரும். அப்புறம் எதை வச்சு மூச்சு விடுவ?” என்றார் அப்பா.

“ஜூலைல போய் வேர்த்து வடியறதுக்கு நான் எதுக்கு பிளேன் ஏறணும்? அதை இங்கயே ஓசியில பண்றேனே,” என்றாள் அம்மா.

இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். வீட்டில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். ஓரிடத்தில் ஒரு நிமிடம் சும்மா இருக்காத பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது?

வருடா வருடம் இதே சண்டைதான். மலையும் ஏரியும் படகும் ரயிலுமாக இருக்கும் அந்த வெளிநாட்டுக்குப் போவதில் யாருக்கும் மறுப்பில்லை. எந்த மாதம் என்று கேட்டதும்தான் வண்டி படுத்துவிடும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம் என்று பேச்சு முடியும். பாஸ்போர்ட் மூன்றும் ஒரு முத்திரைகூடப் படாமல் பீரோவில் துணிக்கடியில் தூங்கும். ஆனால் அடுத்த வருடம் பட்டாசு வேலைக்குப் போய்விடுவாள். புது வேலையில் லீவு என்று வாயைத் திறக்கவே முடியாது. மூன்று பேரும் சேர்ந்து போவதென்றால் இந்த வருடம் போனால்தான் உண்டு. டிராவல்ஸ் அக்கா வேறு, ஞாயிறு சாயங்காலத்துக்குள் மாதத்தைச் சொல்லாவிட்டால் சீட்டு கையைவிட்டுப் போய்விடும் என்று கறாராகச் சொல்லியிருந்தாள்.

இதில் இரண்டு பேரையும் குற்றம் சொல்வதற்கில்லை. அப்பா குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக். நாள் முழுக்க ஆப்பிளோடும் ஐஸ்கிரீமோடும்தான் குடித்தனம். எங்கேயாவது வெயிலில் மல்லாந்து படுக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கனவு. அம்மாவுக்கு ஓட்டல் துணிகள் வெளுக்கும் சலவைக்கூடத்தில் வேலை. ஆவி கக்கும் உருளை மெஷினில் படுக்கைவிரிப்புகளை விட்டு இஸ்திரி போடுகிறவள். பனியை ஒரு கை அள்ளிக் கழுத்தில் தேய்த்துக்கொண்டால் பிறந்ததற்கு அது போதும் என்பாள்.

பட்டாசுக்கு எந்த மாதமானாலும் சரி, ஏதாவது ஒரு மாதம் வேண்டும். யார் விட்டுக்கொடுப்பார்கள் என்று யோசித்ததில் அவளுக்கு ஒரு பொறி தட்டியது. அப்பாவுக்கு ஊர் உலகத்து வானிலையெல்லாம் கிடங்கின் அறைக் கணக்குதான். மார்ச் என்றால் வாழைப்பழ அறை, நவம்பர் என்றால் ஆப்பிள் அறை, டிசம்பர் என்றால் ஐஸ்கிரீம் அறை. அப்படியானால் அம்மாவை அந்த ஐஸ்கிரீம் அறையில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டால் டிசம்பர் ஆசை தானாக விட்டுப்போகும். அப்பாவுக்கும் யோசனை பிடித்துப்போனது. உங்கம்மா அழுதுகிட்டே ஓடிவருவா பாரு என்று ரகசியமாகச் சிரித்தார்.

சனிக்கிழமை கிடங்குக்குக் கூட்டிப்போய் அம்மாவுக்கு ஜெர்கினும் குல்லாவும் மாட்டிவிட்டார்கள். பார்க்க மூட்டை கட்டி வைத்த பருத்தி மாதிரி இருந்தாள். வாழைப்பழ அறையில் அவள் ஜிப்பைக்கூட இழுத்துவிடவில்லை. ஆப்பிள் அறையில் அங்கே இங்கே என்று சுற்றிப் பார்த்தாள். ஐஸ்கிரீம் அறையில் தன் வாயிலிருந்து வந்த புகையைத் தானே துரத்திப் பிடித்து விளையாடினாள். போதுமா என்று அப்பா வாசலில் நின்று கேட்டதற்கு, “கதவைச் சாத்துங்க, அனல் உள்ள வருது,” என்றாள்.

கையைப் பிடித்து இழுத்துத்தான் வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. வந்ததும் அப்பா, லாரி நிற்கும் இடத்தில் கைக்குட்டை அளவுக்கு விழுந்திருந்த வெயிலைத் தேடிப்போய், கவிழ்த்துப்போட்ட ஒரு பழப்பெட்டியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டார். உட்கார்ந்து உட்கார்ந்து அந்தப் பெட்டி வழவழவென்று தேய்ந்திருந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இந்தப் பக்கம் வேலைக்காகவில்லை என்றால் அந்தப் பக்கம். ஞாயிறு மதியம், அம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்கிற சாக்கில் அப்பாவைச் சலவைக்கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள் பட்டாசு. அந்தப் புழுக்கத்தில் மனிதர் ஜூலையை மறந்துவிடுவார் என்று நம்பினாள். அவரோ உருளை மெஷின் பக்கத்தில் நின்று விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கினார். முகத்தில் அப்படி ஒரு சுகம். இஸ்திரி சூடு ஆறாத விரிப்பு அடுக்கில் மெதுவாகச் சாய்ந்தவர் குறட்டையே விட ஆரம்பித்துவிட்டார். அம்மாவோடு வேலை செய்கிறவர்கள் சிரித்துக்கொண்டே இன்னொரு சூடான விரிப்பைப் போர்த்திவிட்டார்கள்.

அவர் கண் விழித்தபோது அம்மா எதிரில் இருந்தாள். ஒரு விரிப்புக்கும் அடுத்த விரிப்புக்கும் நடுவில் ஓடிப்போய், குடிதண்ணீர் டேங்கின் சில்லென்ற வயிற்றில் கழுத்தை ஒட்டவைத்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றாள். பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி மெஷினுக்கு ஓடினாள். அப்பா முகத்திலிருந்த சுகம் அப்படியே அடங்கிப்போனது.

போச்சு, இரண்டு பேரும் இன்னும் கெட்டியாகிவிட்டார்கள் என்றுதான் பட்டாசு நினைத்தாள். சாயங்காலம் டிராவல்ஸ் அக்காவின் போன் வந்தது. லைனில் அவளை நிறுத்திவைத்துவிட்டு, பட்டாசு கடைசியாக ஒருமுறை இரண்டு பேரிடமும் கேட்டாள்.

“ஜூலையே போடு,” என்றாள் அம்மா.

அதே நேரத்தில், “டிசம்பரே போடும்மா,” என்றார் அப்பா.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள்.

“உங்களுக்கு விரலே மடங்க மாட்டேங்குது. நாலு நாள் வெயில்ல காயுங்களேன்.”

“நீ மட்டும் என்னவாம்? தண்ணி டேங்கைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கற. உனக்குப் பனிதான் சரி.”

“நான் கேட்டேனா?”

“நான் மட்டும் கேட்டேனா?”

சண்டை பழைய சண்டையேதான். ஆட்கள்தான் இடம் மாறி உட்கார்ந்திருந்தார்கள். பட்டாசு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் போனைத் தூக்கிக் காட்டினாள்.

“நீயே ஒரு மாசத்தைச் சொல்லு. எதுன்னாலும் வர்றோம்,” என்றார் அப்பா. இவர் சொல்றதை மட்டும் கேட்டுறாத என்று அம்மா சேர்த்துக்கொண்டாள்.

எதுன்னாலும் வர்றோம். இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனை வருடம் தவம் கிடந்தாள். ஒரே ஓட்டமாக ஓடிப்போய்ப் பாஸ்போர்ட்டுகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மாதம்தான் பாக்கி. ஜூலை என்றால் ஏரிக்கரையில் அப்பா மல்லாந்து கிடப்பார், அம்மா முந்தானையால் விசிறிக்கொள்வாள். டிசம்பர் என்றால் அம்மா பனியில் புரள்வாள், அப்பா மூன்று ஜெர்கினுக்குள் ஒளிந்துகொள்வார். மே மாதம் மலை உச்சியில் பனி மிச்சம் இருக்கும், கீழே இளவெயில் அடிக்கும், நடுவில் ரயில் ஓடும் என்கிறாள் டிராவல்ஸ் அக்கா. ஆனால் எப்போது மழை கொட்டும் என்று சொல்ல முடியாதாம். இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தால் போதுமா, இல்லை யாராவது ஒருவருக்காவது முழுசாகக் கிடைக்க வேண்டாமா?

அக்கா இன்னும் லைனில்தான் இருக்கிறாள். நீங்களாக இருந்தால் எந்த மாதத்தைச் சொல்வீர்கள்?